பயிற்சி கொடுத்தும் கேஸ் வேலை ஏன் மாறவில்லை?

கேள்வி இது. நெல்லை, தென்காசி இரண்டு மாவட்டத்திலும் குழந்தைகளுக்காக வேலை செய்கிற ஒரு தொண்டு நிறுவனம். குழந்தைகள் தங்கும் ஒரு இல்லம், அதோடு ஒவ்வொரு குழந்தையின் நிலைமையையும் விசாரித்துத் தொடர்ந்து கவனிக்க (இதைத்தான் கேஸ் வேலை என்கிறோம்) ஊர்களுக்குப் போய்வரும் ஆறேழு பணியாளர்கள். வருஷம் தவறாமல் பயிற்சி கொடுக்கிறார்கள். போய்வந்த ஒரு வாரம் உற்சாகமாக இருக்கிறது, அப்புறம் பழையபடி ஃபைல் நிரப்பும் வேலைதான். ஆளை மாற்றுவதா, அமைப்பை மாற்றுவதா, அமைப்பைத்தான் என்றால் எங்கே கைவைப்பது என்று ஒருங்கிணைப்பாளர் கேட்கிறார்.

ஆளை மாற்றிப் பயனில்லை. புதிதாக வருகிறவரும் மூன்று மாதத்தில் பழையவர் எழுதிய மாதிரியே எழுத ஆரம்பித்துவிடுவார். உங்கள் ரீவ்யூ மீட்டிங்கில் என்ன கேட்கிறீர்களோ, அதைத்தான் பணியாளர் ஊரிலிருந்து கொண்டுவருவார். “இந்த மாசம் எத்தனை ஹோம் விசிட், எத்தனை எஸ்.ஐ.ஆர். (சமூக விசாரணை அறிக்கை) முடிஞ்சுது, எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம்” என்று கேட்டால் எண்ணிக்கை வரும். ஒரு பையன் ஏன் வீட்டைவிட்டு ஓடினான் என்று யாரும் கேட்காத ஆபீஸில், அதைத் தெரிந்துகொண்டு வரவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. முதலில் மாற்றவேண்டியது அந்த மீட்டிங். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.

பயிற்சி ஏன் ஒட்டுவதில்லை என்பதை ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்தவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் ஜாய்ஸ், ஷவர்ஸ் என்ற இருவர், பாடம் சொல்லி, செய்துகாட்டி, செய்யவும் வைத்தால்கூட அதில் வகுப்பறைக்குப் போய்ச் சேர்வது 5 சதவீதம் அளவுக்குத்தான் என்றார்கள். கூடவே ஒருவர் இருந்து வேலையிடத்திலேயே கைபிடித்துப் பழக்கினால் அது 95 வரை போகும் என்றும் சொன்னார்கள். இவை தோராயமான மதிப்பீடுகள். தராசில் நிறுத்த கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் போக்கு அதுதான் என்பது பயிற்சி நடத்தும் எல்லோருக்கும் தெரியும். ஹோட்டல் ஹாலில் இரண்டு நாள் பயிற்சிக்கு ஆகும் செலவில் பாதியை, மேற்பார்வையாளர் மாதம் ஒருமுறை ஒவ்வொரு பணியாளரோடும் ஒரு வீட்டுக்குப் போய்வருவதற்கு ஒதுக்கிப் பாருங்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் குறை வைக்கவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் நீங்கலாக) குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். சமூக விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும். நான்கு மாதத்துக்குள் குழு இறுதி உத்தரவு போட வேண்டும். இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. விசாரணை அறிக்கைக்குப் படிவம் 22, தனிநபர் பராமரிப்புத் திட்டத்துக்குப் படிவம் 7 என்று விதிகளிலும் எல்லாம் இருக்கிறது. 15 நாள் என்ற கெடுவை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த 15 நாளில் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் காணாமல் போகிறது.

ஒரு கேஸைக் கிட்டத்தில் பார்க்கலாம். பல கேஸ்களைக் கலந்து, அடையாளம் தெரியாதபடிதான் சொல்கிறேன். முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். பதினோரு வயசுப் பையன், நெல்லை ஜங்ஷனில் ரயில்வே போலீஸ் கையில் கிடைத்தான். பணியாளர் வீட்டுக்குப் போய்வந்து எழுதியது இவ்வளவுதான்: “குழந்தையின் தாயார் பீடித் தொழிலாளி. தந்தை குடிப்பழக்கம் உடையவர். குடும்பச் சூழல் திருப்திகரமாக இல்லை. பெற்றோருக்கு உரிய அறிவுரை வழங்கப்பட்டது. குழந்தையின் எதிர்கால நலன் கருதி இல்லத்தில் தங்கிக் கல்வி பயிலப் பரிந்துரை செய்யப்படுகிறது.” பெயரை மட்டும் மாற்றினால் இது ஆலங்குளத்துக்கும் பொருந்தும், மேலப்பாளையத்துக்கும் பொருந்தும். நீங்களும் இதை நூறு தடவை படித்திருப்பீர்கள்.

இந்த அறிக்கையை வைத்துக்கொண்டு மேற்பார்வையாளர் என்ன கேட்கலாம்? பையன் கடைசியாகப் பள்ளிக்கூடம் போன நாள் எது, அன்றைக்கு என்ன நடந்தது? அப்பா குடித்துவிட்டு வருவது தினமுமா, கூலி வாங்கும் நாளில் மட்டுமா? அப்பா சத்தம் போடும் ராத்திரிகளில் பையன் எங்கே போய்ப் படுப்பான்? இதற்கு முன்னால் ஓடியிருக்கிறானா, அப்போது யார் தேடிக் கூட்டி வந்தது? அவனிடம் தனியாகப் பேசினீர்களா, என்ன வேண்டும் என்றான்?

பணியாளருக்குப் பாதிக்குமேல் பதில் தெரியாது. அதற்காக அவரைத் திட்டவேண்டியதில்லை. பகல் பதினொரு மணிக்குப் போனார், அப்பா வேலைக்குப் போயிருந்தார், அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு கை நிற்காமல் பீடி சுற்றியபடியே பதில் சொன்னாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவள், பேச்சுக்காகக் கையை நிறுத்த மாட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் முறத்தோடு அதே திண்ணையில்தான் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் புருஷனைப் பற்றி என்ன சொல்வாள்? “மேடம், போர்டிங்ல போட்டுட்டா மூணு வேளை சோறாவது திம்பாம்லா” என்றாள். அது அறிக்கையில் பரிந்துரையாகிவிட்டது.

இரண்டாவது தடவை சாயங்காலம் போனால் வேறு கதை வரும். பையனுடைய ஆச்சி அடுத்த தெருவில் இருக்கிறாள். வாரத்தில் இரண்டு ராத்திரி அவன் அங்கேதான் படுக்கிறான். பள்ளிக்கூடத்தில் நோட்டு வாங்காததற்கு வெளியே நிறுத்திய நாளிலிருந்துதான் போவதை நிறுத்தியிருக்கிறான். அப்பாவுக்கு அவன்மேல் கோபமில்லை, அம்மாவை அடிப்பதைப் பார்க்கப் பயந்துதான் ஓடியிருக்கிறான். இவ்வளவும் தெரிந்தால் பரிந்துரை வேறு மாதிரி இருக்கும். பள்ளி நாட்களில் ஆச்சி வீடு, தலைமையாசிரியரோடு ஒரு நேர்ப்பேச்சு, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் ஸ்பான்சர்ஷிப்புக்கு (வீட்டிலேயே வைத்து வளர்க்க உதவித்தொகை) விண்ணப்பம் (கிராமத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 72,000, நகரத்துக்கு 96,000), அம்மா அடிவாங்குவதற்கு, வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான அரசு மையமான ஒன் ஸ்டாப் சென்டர் மூலம் உதவி. அப்பாவின் குடி உடனே தீராது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆச்சி வீடும் ஓர் ஏற்பாடுதான், அவளுக்கு முடியாமல் போனால் என்ன என்பதையும் இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

அந்த இரண்டாவது தடவை போவதற்குத்தான் அமைப்பு வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு முக்கூடலில் இருந்துவிட்டு ஒரு பெண் பணியாளர் எப்படி வீடு திரும்புவார்? மறுநாள் காலை ஒன்பதரைக்கே பயோமெட்ரிக்கில் விரல் வைக்க வேண்டுமா? டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்தானே என்று பயணப்படியை வெட்டிய ஆபீஸ்களும் உண்டு. சாயங்கால விசிட் போனவருக்கு மறுநாள் பிற்பகல் வந்தால் போதும் என்று ஒரு வரி சுற்றறிக்கை போடுவது எந்தப் பயிற்சியையும்விட அதிகம் சாதிக்கும். சண்டை, போதை, போக்சோ சம்பந்தப்பட்ட வீடுகளுக்கு இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பதையும் எழுத்தில் வையுங்கள். தைரியசாலி தனியாகப் போய்வருவதைப் பாராட்டுவது கெட்ட பழக்கம்.

நம் பக்கத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இங்கே பிள்ளையைப் போர்டிங்கில் விடுவதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. டோனாவூர் இல்லத்தை நிறுவிய மிஷனரி ஆமி கார்மைக்கேல் 1901இல் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதற்கு முன்பிருந்தே மிஷன் பள்ளிகளும் விடுதிகளும் இந்தச் சீமையில் ஊன்றியிருந்தன. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்து வாத்தியாராகவும் நர்ஸாகவும் ஆனவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்கள். அந்த வரலாற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதனால்தான் ஏழைத் தாய் முதலில் கேட்பதும் இல்லம், பணியாளர் முதலில் எழுதுவதும் இல்லம், குழந்தைகள் நலக் குழுவும் மறுகேள்வி கேட்காமல் உத்தரவு போடுவதும் இல்லம். தமிழ்நாட்டு இல்லங்களில் நடந்த கொடுமைகள் பற்றிய வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் நாடு முழுவதற்குமான உத்தரவுகளைப் போட்டது என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் இல்லத்துக் குழந்தைகளை மறுபரிசீலனை செய்ய எளிதான ஒரு கேள்வி தருகிறேன். மே மாத லீவுக்கு யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள்? ஒரு மாதம் வீட்டில் பத்திரமாக இருந்துவிட்டு வருகிற பிள்ளை, மற்ற மாதங்களில் ஏன் இருக்க முடியாது? சிலருக்குச் சரியான காரணம் இருக்கும். பலருக்கு, பக்கத்தில் உயர்நிலைப் பள்ளி இல்லை, ஃபீஸ் கட்ட முடியவில்லை, அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்ற மாதிரி, பணத்தாலும் ஏற்பாட்டாலும் தீரக்கூடிய காரணமாக இருக்கும். இந்தப் பட்டியலை ஜனவரியில் எடுங்கள். வீடு திரும்ப வைப்பதாக இருந்தால் மாற்றுச் சான்றிதழ், ஜூனில் புதுப் பள்ளி என்று சேர்ந்தாற்போல் நடக்க வேண்டும். நடு வருஷத்தில் அனுப்பப்பட்ட பிள்ளைகள்தான் பெரும்பாலும் மறுபடி இல்லத்துக்கே வந்து நிற்கிறார்கள்.

சரி, மீட்டிங்குக்கு வருவோம். எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அதைப் பற்றிப் பேசாதீர்கள். வாரம் ஒரு நாள் ஒன்றரை மணி நேரம், இரண்டே இரண்டு கேஸ். போன் இல்லை. கேஸ் வைத்திருப்பவர் ஐந்து நிமிஷம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் யோசனை சொல்லக் கூடாது, முதல் அரை மணி நேரம் கேள்வி மட்டும். இது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் நம் ஆட்களுக்கு அறிவுரை நாக்கு நுனியிலேயே இருக்கும். கடைசியில் அடுத்த விசிட்டில் என்ன தெரிந்துகொள்ள வேண்டும், யார் போவது, எந்தத் தேதி என்று எழுதுங்கள். அடுத்த வாரம் அந்தத் தாளிலிருந்து தொடங்குங்கள். இல்லத்துக்குள் மாதம் ஒருமுறை கூடவேண்டிய நிர்வாகக் குழு ஒவ்வொரு குழந்தையின் முன்னேற்றத்தையும் பார்க்கத்தான் விதியில் வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே அரிசி, பாத்ரூம், சிசிடிவி பேசி முடித்தபிறகு நேரம் மிஞ்சுவதில்லை. குழந்தைகளை முதலில் வைத்து, பாத்ரூமைக் கடைசியில் வையுங்கள்.

லண்டனில் ஹாக்னி என்ற பகுதியில் 2000களின் இறுதியில் இதே யோசனையைப் பெரிய அளவில் செய்தார்கள். ஒரு குழந்தைக்கு ஒரு பணியாளர் என்ற ஏற்பாட்டை விட்டுவிட்டு, அனுபவமுள்ள ஒருவர் தலைமையில் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். கூடவே ஒரு மனநல நிபுணர், எழுத்துவேலைக்கென்றே ஓர் ஆள். குழுவில் எல்லோருக்கும் எல்லாக் கேஸும் தெரியும். உங்களிடம் ஆறு பேர் இருந்தால் மூன்று மூன்று பேராக இரண்டு குழு போடலாம். மேற்கே ஒன்று: தென்காசி, கடையம், அம்பாசமுத்திரம். தெற்கே ஒன்று: நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம் கடற்கரை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை சிவகிரியிலிருந்து உவரி வரை ஒரே மாவட்டமாக வைத்து வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவினையின் அருமை தெரியும்.

இதில் இன்னொரு லாபம், ஆள் போனாலும் கேஸ் அநாதையாவதில்லை. அமெரிக்காவில் மில்வாக்கி மாவட்டத்தில் 2003, 2004 வருஷக் கேஸ்களை எடுத்துப் பார்த்தபோது, ஒரே பணியாளர் கடைசிவரை பார்த்த குழந்தைகளில் 74.5 சதவீதம் பேருக்கு நிலையான குடும்பம் அமைந்தது. பணியாளர் ஒருமுறை மாறினால் அது 17.5 சதவீதமாக விழுந்தது. இந்த எண்ணை மேடையில் எல்லோரும் சொல்வார்கள். நான் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் சொல்வேன், ஏனென்றால் சிக்கலான கேஸ் நீண்டகாலம் இழுக்கும், இழுக்க இழுக்க ஆளும் மாறத்தான் செய்வார். இருந்தாலும் ஒரு பிள்ளை மூன்றாவது ஆளிடம் தன் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லவேண்டி வருவது நல்லதில்லை என்பதற்கு எண் தேவையில்லை. நம்மிடம் ஒப்பந்த ஊழியர்கள்தான் அதிகம். திட்டம் மார்ச்சில் முடிகிறது, புதுப்பிப்பது ஜூன் வரை இழுக்கிறது, இடையில் சம்பளம் கிடையாது. அந்த மூன்று மாதத்தில்தான் நல்ல ஆள் பள்ளி வேலைக்கோ பேங்க் வேலைக்கோ போய்விடுகிறார். டிரஸ்டின் சேமிப்பிலிருந்து மூன்று மாதச் சம்பளத்தைத் தனியே எடுத்துவைப்பதும் கேஸ் வேலையைத் திருத்துகிற காரியம்தான்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிளிசன், ஹெமல்கார்ன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பேசப்படுகிறது. குழந்தைகளுக்கான 32 அரசு அலுவலகங்கள், அவற்றின் கவனிப்பில் இருந்த 250 குழந்தைகள். குழந்தைகளின் மனநிலையும் நடத்தையும் தேறியதற்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது அலுவலகத்தின் சூழல்: வேலைப்பளு எவ்வளவு, ஆளுக்கொரு உத்தரவு என்ற குழப்பம் உண்டா, ஒருவருக்கொருவர் ஒத்தாசை உண்டா, மேலதிகாரி நியாயமாக நடக்கிறாரா என்பதெல்லாம். துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு கூடிய இடத்தில் சேவையின் தரம் கூடவில்லை, குறைந்தது. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் ஒருங்கிணைப்புக் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து எழுகிற நமக்கு இது கொஞ்சம் உறைக்கும். ஒருங்கிணைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. பத்துத் துறை சேர்ந்து ஒரு பிள்ளையைப் பார்க்கும்போது, அந்தப் பிள்ளை யார் பொறுப்பு என்பது கரைந்துபோகிறது, அதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கேஸிலும் முதல் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கட்டும்.

இனி, பயம். ஏதாவது விபரீதம் நடந்தால் முதலில் வருவது மெமோ. அதனால்தான் “உரிய அறிவுரை வழங்கப்பட்டது” என்ற வாக்கியம் சாகாமல் இருக்கிறது. அது குழந்தைக்காக எழுதப்பட்ட வாக்கியமே கிடையாது, நாளைக்கு விளக்கம் கேட்டால் காட்டுவதற்காக எழுதியது. இங்கிலாந்தில் வளர்த்தவர்களின் சித்திரவதையில் இறந்த விக்டோரியா கிளிம்பியே என்ற சிறுமியின் சாவை விசாரித்து 2003இல் லாமிங் பிரபு 108 பரிந்துரைகள் கொடுத்தார். விதிமுறை, படிவம், கெடு என்று அடுக்கினார்கள். அவள் இருந்த அதே ஹாரிங்கே பகுதியில் 2007இல் பீட்டர் என்ற ஒன்றரை வயதுக் குழந்தை அதே மாதிரி இறந்தது. 2011இல் பேராசிரியர் எய்லீன் முன்ரோ தன் அறிக்கையில், விதியைச் சரியாகப் பின்பற்றினோமா என்று பார்ப்பதிலேயே அமைப்பு மூழ்கிவிட்டது, குழந்தைக்கு நன்மை நடந்ததா என்று பார்க்கவில்லை என்று சொன்னார். நாம் இப்போது நிற்பது 2003ஆம் ஆண்டின் இங்கிலாந்தில்தான்.

உங்களால் அரசுப் படிவத்தைக் குறைக்க முடியாது. ஆனால் உங்கள் நிறுவனம் தானாகச் சேர்த்துக்கொண்ட பதிவேடுகளைக் குறைக்கலாம். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, இதை யார் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். படிவம் 22இல் இருக்கும் விவரத்தையே நன்கொடையாளருக்கு ஒரு நோட்டிலும், இல்லத்துக்கு ஒரு நோட்டிலும், வாட்ஸ்அப்பில் போட்டோவோடு ஒருமுறையும் எழுதிக்கொண்டிருப்பார்கள். வீட்டு வாசலில் போட்டோ எடுத்து குரூப்பில் போடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். குழந்தையின் அடையாளம் வெளியே போகிறது என்பது ஒன்று, அந்தத் தெருவில் மறுபடி யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது இன்னொன்று.

சாதியையும் மீட்டிங்கில் பேசியாக வேண்டும். எந்தத் தெருவில் நம் பணியாளர் உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார், எந்தத் தெருவில் வாசலில் நின்றே முடித்துக்கொள்கிறார் என்பது விசிட் குறிப்பின் நீளத்திலேயே தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியபிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்து 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிக்கூடங்களைப் பற்றி அதில் நிறையப் பேசினோம், நம் ஆபீஸ்களைப் பற்றிப் பேசவில்லை. குழு பிரிக்கும்போதே வெவ்வேறு பின்னணி உள்ளவர்களைச் சேர்த்துப் போடுங்கள். காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், அவர்களுக்கே புரியும்.

ஒருவருக்கு எத்தனை கேஸ் என்று கேட்பீர்கள். அமெரிக்கக் குழந்தைகள் நலச் சங்கத்தின் பழைய அளவுகோல், விசாரணை நிலையில் மாதம் 12 கேஸ், தொடர் கவனிப்பில் 17 குடும்பம். இங்கே அந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் எண்ணிக்கையைக் குறைப்பதற்கு முன் தரம் பிரியுங்கள்: வாரா வாரம் பார்க்கவேண்டியவை, மாதம் ஒருமுறை போதுமானவை, முடிக்கவேண்டியவை. முடிக்காமல் ஃபைலில் தூங்குகிற கேஸ் எல்லா ஆபீஸிலும் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும் என்பது என் அனுபவம். குழந்தைத் திருமணத்தை நிறுத்திவிட்டு வந்த கேஸ்களை மட்டும் அப்படி முடித்துவிடாதீர்கள். நிறுத்திய மூன்றாம் மாதம் அந்தப் பெண் பிள்ளை பள்ளியில் இருக்கிறாளா என்று பார்ப்பதுதான் அந்த வேலையே.

கடைசியாக டிரஸ்டிகள். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முட்டிக்கொண்டு நிற்கப்போவது இங்கேதான். உங்கள் இல்லத்துக்கு வரும் பணம் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. நல்ல கேஸ் வேலை நடந்தால் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள், கட்டில் காலியாகும், வரும்படி குறையும். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருகிறவர்கள் “என்ன, பிள்ளைங்க குறைஞ்சுட்டாங்க” என்று கேட்பார்கள். இதை முன்கூட்டியே பேசாமல் மற்றதையெல்லாம் மாற்றினால், ஆறாவது மாதம் மேலிருந்து பிரேக் விழும். காலியாகும் கட்டிலுக்கு ஒதுக்கிய பணத்தை வீடு திரும்பிய பிள்ளைகளின் ஃபாலோ-அப், டியூஷன், பஸ் செலவு என்று மாற்ற முடியுமா என்று நன்கொடையாளர்களிடம் கேளுங்கள். வெளிநாட்டு நிதி என்றால் அந்த மாற்றத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சை பிப்ரவரியில், பட்ஜெட் போடுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஏப்ரலில் தொடங்கினால் தலைக்கணக்கு பட்ஜெட் பாஸாகியிருக்கும், ஜூனில் அட்மிஷன் கேட்டு அம்மாக்கள் வாசலில் நிற்பார்கள், காலியான கட்டில்களைச் சும்மா வைக்க யாருக்கும் மனசு வராது.